தமிழ் ஏறாத மூட்டை

வாசகரே, தீர்ப்பு ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. ஆகவே உங்களிடம் நான் நீதி கேட்கவில்லை. சாட்சியாக நின்றால் போதும். காரைக்காலிலிருந்து நெடுங்காடு வரைக்கும் என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது: தமிழ்த் தட்டச்சு கற்பிக்கும் மென்பொருளை, தமிழ் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான் என்று. பேச்சு உண்மைதான். அந்தச் சாதனைக்காக எத்தனை பேர் எவ்வளவு முறைப்படி உழைத்தோம் என்பதைத்தான் ஒருவரும் சொல்வதில்லை. அதை நீங்களாவது கேட்டுவைக்க வேண்டும்.

மென்பொருளை எழுதியவள் என் கல்லூரித் தோழி. காரைக்கால் நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா அரசு ஊழியர். அவருடைய சித்தப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். வருமானம் என்றால் மாதம் தவறாமல், ஆள் இருந்தாலும் போனாலும், வந்துகொண்டே இருப்பது என்றுதான் அந்த வீட்டில் பொருள். அப்படிப்பட்ட வீட்டில் பட்டம் வாங்கிய பெண், இன்னும் ஒரு வருடம் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதப் போகிறேன் என்று அறிவித்தால், கன்னியர் மடத்தில் சேரப் போகிறேன் என்பதைவிட அது கலவரமான செய்தி. மடத்தில் சாப்பாடாவது நிச்சயம்.

அப்பாவும் மகளும் பேசி ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். நெடுங்காட்டில் தட்டச்சுப் பயிலகம் நடத்தும் மாஸ்டர், அவளுடைய பயிற்சி மென்பொருளை ஒருமுறை பார்த்துவிட்டு, "புது பேட்ச் ஆரம்பிக்கிற அன்னிக்கு எல்லா மிஷின்லயும் ஓடட்டும், நம்ம இடத்துல வச்சிக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு அது ஓடினால் அந்த ஒரு வருடம் அவளுக்கு. ஓடாவிட்டால் அடுத்த வாரமே கும்பகோணத்தில் வங்கித் தேர்வுப் பயிற்சி. விடுதியில் இடம்கூடச் சொல்லிவைத்தாயிற்று. ஆக, ஒரு மனுஷியின் ஒரு வருடம் ஒரு கிராமத்துப் பயிலகத்தின் பழைய கணினிகளை நம்பி நின்றது. அந்தக் கணினிகளோ லினக்ஸில் ஓடின.

லினக்ஸ் உலகத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு விளக்கம். மற்ற இடங்களில் மென்பொருளைக் கொடுப்பது எளிது. வாங்கியவர் இரண்டு முறை சொடுக்கினால் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். லினக்ஸில் அப்படி எதிர்பார்ப்பதே அநாகரிகம். "எந்த லினக்ஸ்?" என்பார்கள். சொன்னால், "அதுல எந்தப் பதிப்பு?" என்பார்கள். அதையும் சொன்னால், "இன்னும் அதுலயா இருக்கீங்க?" என்று ஒரு பார்வை வரும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு துருவுவதில்லை. அது சுதந்திர மென்பொருள் அல்லவா? ஒவ்வொரு கூட்டத்தாரும் சுதந்திரமாகத் தங்களுக்கென்று ஒரு பொதி கட்டும் முறையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வீட்டார் கட்டிய பொதி இன்னொரு வீட்டில் பிரியாது. மாஸ்டரின் பயிலகம் இந்தச் சுதந்திரத்தின் நிரந்தரக் கண்காட்சி. கணினி பழுதானபோதெல்லாம் யார் கையில் கிடைத்தார்களோ, அவர்கள் தமக்குப் பிடித்த லினக்ஸைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

இதற்கு வழி இரண்டு. முதலாவது, அந்தந்த லினக்ஸுக்கென்று தனித்தனியாகச் சின்னப் பொதி கட்டுவது. டெப், ஆர்பிஎம் என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. மாற்றுத் துணி மட்டும் எடுத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போவது மாதிரி. அரிசி, அடுப்பு, தண்ணீர் எல்லாம் அவர்கள் வீட்டில் இருக்கும் என்ற நம்பிக்கையில் போவது. இரண்டாவது, அரிசி, அடுப்பு, தண்ணீர், பாய், தலையணை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவது. அதன் ஒரு வகைக்கு ஆப்இமேஜ் என்று பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் இறக்கிச் சமைத்துக்கொள்ளலாம். ஒரே கோப்பு, எல்லா லினக்ஸிலும் திறக்கும்.

எதைத் தேர்வது? வேறு ஊராக இருந்தால் தெரிந்தவரைக் கேட்டிருப்பார்கள். எங்கள் நண்பர் வட்டத்தில் எந்தச் சிக்கலையும் பட்டிமன்றம் வைத்தே தீர்ப்போம். சுற்றுலாவுக்கு மலையா கடலா என்பதைக்கூட அப்படித்தான் முடிவு செய்தோம். கடலென்று தீர்ப்பு வந்து, காரைக்காலிலிருந்து கிளம்பி இன்னொரு கடற்கரைக்குப் போய்வந்தோம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பூசை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பிறகு, தோழியின் வீட்டுக் கூடத்தில் மன்றம் கூடியது. பொருள்: சார்ந்து வாழும் பொதியா, தனித்து நிற்கும் மூட்டையா?

நடுவர், அவளுடைய அப்பா. நடுவருக்கு முதல் தகுதி நடுநிலை. ஒரு பொருளைப் பற்றி எதுவுமே தெரியாதவரைவிட நடுநிலையானவர் யார்? சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மூட்டை வந்தது. எதிரணியில் என் சுரக்குடி நண்பன். விவசாயக் குடும்பம், வணிகவியல் பட்டதாரி. மேடையில் எனக்கு நிகராகக் கைதட்டல் வாங்கக்கூடிய ஒரே ஆள் தான்தான் என்று நெடுநாளாக நம்பிக்கொண்டிருப்பவன். வழக்குக்கு உரியவர் தம் வழக்கில் வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் விதி. எனவே அந்தக் கூடத்தில் லினக்ஸ் அறிந்த ஒரே பிறவியின் கையில் நேரமணியைக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்தோம். எவ்வளவு முறையான ஏற்பாடு என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

நான் பேசினேன். அடக்கத்துக்கும் எனக்கும் பெரிய பழக்கமில்லை. ஆகவே நன்றாகப் பேசினேன் என்றே சொல்கிறேன்.

"நடுவர் அவர்களே, மூன்று பக்கம் அடுத்த மாநிலம், ஒரு பக்கம் கடல். நடுவில் தன் சட்டம், தன் நிர்வாகம், தன் வண்டி எண் என்று நிமிர்ந்து நிற்கிறதே ஓர் ஊர், அது யாரிடம் போய்க் கையேந்தியது? அந்தக் காரைக்காலில் பிறந்த மென்பொருள், போகிற வீட்டில் அடுப்பு உண்டா, அரிசி உண்டா என்று வாசலில் நின்று கேட்கலாமா?"

நடுவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊர்ப் பெருமை பேசினால் நிமிராத முதுகு எங்கள் பக்கத்தில் கிடையாது.

சுரக்குடிக்காரன் எழுந்தான். மேடைத் தமிழை ஓரமாக வைத்துவிட்டுப் பேசினான். அது அவனுடைய பழைய தந்திரம்.

"எல்லாம் சரி மச்சான். இந்த ஊர் யார்ட்டயும் கையேந்தலன்னு சொன்ன பாரு, அதுல ஒரு சந்தேகம். எங்க வயலுக்கு வாய்க்கால்ல தண்ணி வருதே, அது எங்கேர்ந்து வருது? நீ கட்டின மூட்டைலேர்ந்தா?"

கூடத்தில் சிரிப்பு. நான் விடுவேனா?

"தண்ணீருக்காக ஆடி மாதம் முழுக்க வாய்க்காலைப் பார்த்து நிற்கும் நண்பரே பொதியின் பக்கம் பேசுகிறார் என்றால், சார்ந்து வாழ்கிறவர்களின் துயரத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?" என்றேன். சிரிப்பு என் பக்கம் திரும்பியது. நடுவர் தொடையில் தட்டினார்.

அப்போதுதான் ஓரத்திலிருந்து ஒரு குரல். "ஒரு நிமிஷம்ப்பா. அங்க மாஸ்டர் மிஷின்ல எல்லாம் தமிழ் எப்படி அடிக்கிறாங்கன்னு முதல்ல பாத்துட்டு..."

நடுவர் கையை உயர்த்தினார். "பாப்பா, மணி அடிக்கிறவங்க பேசக்கூடாது. மன்றத்துக்கு ஒரு மரியாதை இருக்குல்ல."

அவள் மணியை அடித்தாள். என் நேரம் முடிந்திருந்தது. மணிக்குப் பிறகும் பேசுவதுதான் நல்ல பேச்சாளனுக்கு அடையாளம் என்பதால் நான் தொடர்ந்தேன். இன்னொரு முறை அடித்தாள். மூன்றாம் முறை அவள் அடித்த அடியில் மணியின் நாக்கு கழன்று நாற்காலிக்கு அடியில் ஓடியது. தீர்ப்புக்குத் தடை ஒன்றும் இல்லை. இரண்டும் வேண்டும் என்று முடித்துவைப்பது நடுவர்களின் வழக்கம். இவரோ அரசு ஊழியர், கோப்பைத் திறந்தே வைக்கப் பிடிக்காதவர். "மூட்டைதான்" என்று முடித்துவிட்டார்.

தோழி மூட்டை கட்டினாள். தன் வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். தமிழ் அழகாக விழுந்தது. நானும் என் மடிக்கணினியில் திறந்து, முகப்பின் நிறம் சரியாக இருக்கிறதா என்று விரிவாக ஆராய்ந்து, சான்றிதழ் வழங்கினேன். எழுத்து எதையும் அடித்துப் பார்க்கவில்லை. நான் பேச்சாளன், எழுத்தர் அல்லன். முன்கூட்டியே ஒருநாள் பயிலகத்துக்குப் போய்ப் பார்த்துவருகிறேன் என்று அவள் மாஸ்டரைக் கேட்டாள். தேர்வு நெருங்குகிற நேரத்தில் பழைய பேட்ச்சைத் தொந்தரவு செய்ய வேண்டாம், முதல் நாளே வாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

முதல் நாள் காலையில் நெடுங்காட்டுக்குப் போனோம். என் வண்டியில் நானும் சுரக்குடி நண்பனும். பின்னால் அப்பாவின் ஸ்கூட்டரில் அவளும், அவள் கைப்பையில் பென்டிரைவும். நடுவர் தம் தீர்ப்பு நிறைவேறுவதைக் கண்ணால் பார்க்க விரும்பினார். வழியெல்லாம் நடவு முடிந்த வயல்கள். எனக்கோ மனத்தில் வெற்றியுரை ஓடிக்கொண்டிருந்தது.

பயிலகத்தில் நுழைந்ததும் மாஸ்டர் மின்விசிறியைப் போட்டுவிட்டு, "எவ்வளவு நேரம் ஆவுங்க?" என்றார். மற்ற மென்பொருள்கள் அவரைப் பட்டினி போட்டுக் காக்கவைத்த அனுபவம் அந்தக் கேள்வியில் இருந்தது. தோழி ஒவ்வொரு கணினியாகக் கோப்பை நகலெடுத்துச் சொடுக்கிக்கொண்டே போனாள். திறந்தது. அடுத்ததிலும் திறந்தது. மூலையில் யாரும் உட்கார விரும்பாத இரண்டு கணினிகள், வேறொரு குடும்பத்து லினக்ஸ், அவற்றிலும் திறந்தது. நான் சுரக்குடிக்காரனைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான். நடுவர் மாஸ்டரைப் பார்த்து, "நம்ம வீட்டுலதான் விவாதம் வச்சி முடிவு பண்ணுனோம்" என்றார். மாஸ்டர் கேட்டுக்கொண்டதால், அதாவது வேண்டாம் என்று அவர் சொல்லாததால், புது பேட்ச் மாணவர்களுக்குத் தனித்து நிற்பதன் சிறப்பைப் பற்றி ஒரு சிற்றுரையும் ஆற்றினேன்.

உரையின் நடுவில் மண்டபத்தூரிலிருந்து வரும் ஒரு மாணவி தன் பக்கத்து இருக்கைக்காரியைக் கிள்ளினாள்.

"ஏய், ஒனக்கு தமிழ் வருதா?"

"எனக்கும் வரலடி. அவரு பேசி முடிக்கட்டும், கேப்போம்."

மண்டபத்தூர்ப் பெண் காத்திருக்கவில்லை. "அண்ணே, மன்னிச்சிக்கங்க. எனக்கு இங்கிலீஷ்தான் வருது."

திரையில் 'பதம்' என்று பாடம். அவளும் தமிழ்99 விசைப்பலகையில் அதற்குரிய விசைகளையே சரியாக அழுத்தியிருந்தாள். ஜே, எல், கே, எஃப் என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. எங்கள் மென்பொருள் அவளுக்குச் சுழியம் மதிப்பெண் வழங்கி, மேலும் முயல்க என்று தூய தமிழில் அறிவுரையும் கூறியது. ஒவ்வொரு கணினியிலும் இதே கதை.

"தம்பி," என்றார் மாஸ்டர், மிகவும் மரியாதையாக. "எல்லாம் உள்ளயே இருக்குன்னீங்க. தமிழ் எங்கங்க வச்சிருக்கீங்க?"

சிக்கல் இதுதான். லினக்ஸில் தமிழ் அடிக்க இரண்டு பாதைகள் உண்டு. விசைப்பலகையையே தமிழுக்கு மாற்றிவிடுவது ஒன்று. தோழியின் வீட்டில் அப்படித்தான். நடுவில் ஓர் இடையாள் மென்பொருளை நிறுத்தி, அது ஆங்கில விசையை வாங்கித் தமிழாக்கிக் கொடுப்பது இன்னொன்று, பயிலகத்தில் அப்படித்தான். சின்னப் பொதியாக இருந்திருந்தால் அந்தந்த வீட்டு இடையாளோடு தானாகப் பேசியிருக்கும். நாங்கள் கொண்டுபோன மூட்டையில் அடுப்பு இருந்தது, தலையணை இருந்தது, அந்த இடையாள் உள்ளே வருவதற்கான கதவு மட்டும் இல்லை. குற்றம் மூட்டை கட்டும் முறையுடையது அன்று. கதவையும் சேர்த்துக் கட்டலாம். எந்தக் கதவு வேண்டும் என்று பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்ட ஒருத்தியை மணியடிக்க உட்காரவைத்திருந்தோம், அவ்வளவுதான்.

அப்பா கைப்பேசியை எடுத்தார். யாரையும் அழைக்கவில்லை. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கும்பகோணத்து விடுதி அங்கிருந்து ஓர் அழைப்புத் தூரம்தான்.

"பாப்பா, எல்லா மிஷின்லயும்னுதான பேச்சு?"

"ஆமாம்ப்பா." அவள் முகம் வெளுத்திருந்தது. மாஸ்டரிடம் திரும்பினாள். "மாஸ்டர், மத்தியான பேட்ச் வரைக்கும் டைம் குடுங்க. காலைல பழைய ப்ரோக்ராமையே ஓட்டிக்கங்க."

நான் தொண்டையைச் செருமினேன். 'ஓடுதல்' என்ற சொல்லை உடன்படிக்கை எந்தப் பொருளில் வழங்குகிறது என்று தொடங்கினால், அப்பாவை அரைமணி நேரமாவது நிறுத்திவைத்திருக்க என்னால் முடியும். தோழி என்னைப் பார்த்தாள்.

"நீ பேசாத. நெட்டு வேணும். ஜன்னல்ட்டதான் டவர் கிடைக்குது. போனைப் புடிச்சிக்கிட்டு அங்க நில்லு."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும். கையை இறக்காத."

மாநில அளவில் பரிசு பெற்ற வலக்கை அது. மேடையில் அது உயர்ந்தால் அவை அடங்கும். அன்று அது ஒரு சன்னல் கம்பிக்கு வெளியே கைப்பேசியை ஏந்திக்கொண்டு நின்றது. கீழே சைக்கிளில் போனவர் ஒருவர், "என்ன தம்பி, போட்டோவா?" என்று கேட்டுவிட்டு, சட்டைக் காலரையும் சரிசெய்துகொண்டார். சுரக்குடி நண்பன் பக்கத்தில் வந்து நின்றான். என்னைக் கேலி செய்வதற்குரிய வாய்ப்பை எந்த அவசரமும் இல்லாமல் அனுபவித்தான்.

"கை வலிக்குதா மச்சான்?"

"இல்லை."

"தனித்து நிற்கிறல்ல. அதான் கேட்டேன்."

உள்ளே அவள் பென்டிரைவில் இருந்த மூல நிரலை மாஸ்டரின் சொந்தக் கணினியில் ஏற்றி, தேவையானவற்றை என் கை வழியாக இறக்கி, அந்த வீட்டுக்கென்றே சின்னப் பொதி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். முதல் முறை ஏதோ குறைகிறது என்று நின்றது. மறுமுறை பதிப்பு பழையது என்று நின்றது. அவள் திட்டவும் இல்லை, பெருமூச்சும் விடவில்லை. ஒவ்வொன்றையும் படித்து, திருத்தி, மறுபடி ஓட்டினாள். அவளுடைய அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார். மகள் வேலை செய்வதை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். வீட்டில் அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும்; உள்ளே படம் பார்க்கிறாள் என்பது அவருடைய கணிப்பு.

மதிய பேட்ச் வந்து உட்கார்ந்தது. அதே 'பதம்'. இம்முறை தமிழ் விழுந்தது. காலையில் அடித்த மண்டபத்தூர்ப் பெண் வீட்டுக்குப் போகாமல் இருந்து, நின்றபடியே ஒரு வரி அடித்துப் பார்த்தாள். "ம், இப்ப வருது" என்றாள். விமர்சனம் அவ்வளவே. ஆனால் மூலையில் இருந்த இரண்டு கணினிகளில் பொதி உட்கார மறுத்தது. அவை வேறு குடும்பம். அவற்றுக்கு வேறு விதமாகக் கட்ட வேண்டும். என் மூட்டை எல்லாக் கணினியிலும் தமிழில்லாமல் ஓடியது. அவள் பொதி தமிழோடு இரண்டு கணினியில் ஓடவில்லை. இரண்டு அணிகளுக்கும் சமமான தோல்வி. மன்றத்தில் இதைச் சொல்லியிருந்தால் நல்ல கைதட்டல் கிடைத்திருக்கும்.

அப்பா மூலையைப் பார்த்தார். "அது ரெண்டும் ஓடலையே."

"நாளைக்கு அதுக்குத் தனியா கட்டணும்ப்பா."

"நாளைக்குக் கட்டிட்டா முடிஞ்சிடுமா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அழகாகச் சொல்லியிருப்பேன்.

"முடியாதுப்பா. அவங்க லினக்ஸைப் புதுசு பண்றப்பல்லாம் நானும் திரும்பக் கட்டணும். இன்னொரு பயிலகம் கேட்டா அங்க வேற மாதிரி இருக்கும். இது முடியற வேலை இல்ல."

மாஸ்டர் குறுக்கே வந்து, "எனக்கு இது போதுங்க. அந்த ரெண்டையும் எப்பயும் யாரும் தொடறதில்ல" என்றார். அப்பா அவரைக் கவனிக்கவே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியவே முடியாதா?"

"முடியாதுப்பா."

"அப்ப எப்பயும் யாராவது ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"ஆமா."

அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். "நானும் முப்பது வருஷமா முடியாத வேலைதான் பாக்குறேன். முடியற வேலைக்கு எவன் சம்பளம் குடுக்குறான்?" என்றார். உடன்படிக்கை அந்த இடத்தில் அவளுக்குச் சாதகமாக முடிந்தது. எந்த மேற்கோளும் இல்லாமல், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் ஒரு மனிதர் தம் தீர்ப்பைத் தாமே மாற்றிக்கொண்டதை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. முறைப்படி இது செல்லாது என்பது என் கருத்து.

ஆனால் அவர் முழுதாக விட்டுவிடவில்லை. "ஒண்ணு சொல்லு பாப்பா. கட்டுறது நீ. கொண்டுபோய்க் குடுத்துட்டு, 'ஓடுதுங்களா, சரியா இருக்குங்களா'ன்னு ஒவ்வொரு இடமா யாரு போய்க் கேக்குறது? அதையும் நீயே செஞ்சா எப்ப எழுதுவ?"

சுரக்குடிக்காரன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். மாஸ்டரும் திரும்பினார். மண்டபத்தூர்ப் பெண்கூடத் திரும்பினாள். என் கை இன்னும் சன்னலுக்கு வெளியே இருந்தது. இறக்கச் சொல்ல அவள் மறந்துவிட்டாள்.

வாதத்துக்கு இடம் இருந்தது. என் நேரத்தின் அருமை, என் திறமையின் தன்மை, தொழிற்பகுப்பின் அடிப்படைகள் என்று மூன்று கோணங்கள் உடனே தோன்றின. ஆனால் முன்னால் இருந்தவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், அந்த மூலைக் கணினிகளின் பதிப்பு எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். நான் கையை இறக்கி, கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்து, முன்னுரை இல்லாமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"நான் போறேன் அங்கிள். எந்த ஊருக்கு இவ பொதி கட்டினாலும், கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கட்டின பிறகு ஒரு தடவை, நான் போய் ஒவ்வொரு மிஷின்லயும் என் கையால தமிழ் அடிச்சிப் பாக்குறேன். அடிக்கிறவங்கள்ட்ட என்ன குறைன்னு கேப்பேன். அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்."